குதிரை லாயத்தில் ஆழ்கூளம்: மழைக்காலம் முழுவதும் வைத்திருக்க முடியுமா?

கேள்வி: உதகைவாசி

அனைவருக்கும் வணக்கம். உதகமண்டலத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சிறிய பண்ணையில் மூன்று குதிரைகளை வளர்த்து வருகிறேன். அவற்றுள் ஒன்று அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய கத்தியவார் இனப் பெண் குதிரை. அதற்கு இப்போது 14 வயது. மற்ற இரண்டும் மட்டக்குதிரைகள். லாயத்தில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் மூன்று அறைகள் உள்ளன. தளம் பழைய காலத்தில் கருங்கல் பாவியது, கூரை தகரம். மழை விட்ட நேரங்களில் பகலில் வெளியே விடுகிறேன். மாலை ஐந்து மணி முதல் காலை ஏழு மணி வரை மூன்றும் உள்ளேதான் நிற்கின்றன.

முன்பு நான் கோயம்புத்தூர்ப் பக்கம் கோழிப்பண்ணை நடத்தியவன். அங்கே பழைய கூளத்தை அள்ளாமல் மேலே மேலே புதியதைப் போட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கும் ஆழ்கூள முறையில் பல ஆண்டுகள் கோழி வளர்த்த பழக்கத்தில், தென்மேற்குப் பருவமழை தொடங்கிய ஜூன் முதல் வாரத்தில் லாயத்திலும் அதையே செய்யலாம் என்று முடிவு செய்து, மர அறுவை ஆலையிலிருந்து சில்வர் ஓக் இழைப்புச் சுருள் வாங்கி, ஒவ்வோர் அறையிலும் அரை அடி உயரத்துக்குப் பரப்பினேன். லத்தியை (குதிரைச் சாணத்தை) காலையில் ஒருமுறை வாரிவிட்டு மேலே புதிய சுருளைத் தூவுகிறோம். கோழிக்கொட்டகையில் செய்வதைப் போலவே வாரம் ஒருமுறை முள்வாரியால் அடிவரை கிளறியும் விடுகிறோம். முதல் மூன்று வாரங்கள் மிகவும் நன்றாகவே போயின. வயதான பெண் குதிரை கருங்கல் தளத்தில் படுக்கத் தயங்கும். இந்தப் படுக்கையில் தினமும் படுத்து உறங்குவதைப் பார்த்து நான் மகிழ்ந்திருந்தேன்.

இப்போது ஏழாவது வாரம். காலையில் கதவைத் திறந்தவுடன் கண் எரிகிறது. மட்டக்குதிரை ஒன்றின் பின்னங்கால் குளம்பில் கறுப்பாகக் கசிவும் அழுகல் நாற்றமும் இருக்கின்றன. பெண் குதிரை உணவு உண்ணும்போது இரண்டு மூன்று முறை இருமுகிறது. குளிருக்காகக் கதவுகளின் மேல்பாதியைத் தார்ப்பாயால் மூடியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குதிரைக்காரர் முதல் வாரத்திலிருந்தே இந்த முறையை விரும்பவில்லை. எல்லாவற்றையும் வாரிக் கொட்ட வேண்டும் என்கிறார். பக்கத்துத் தோட்டக்காரரோ சுண்ணாம்பைத் தூவிக் கிளறினால் நாற்றம் போய்விடும் என்கிறார். மழை முடிய இன்னும் பல வாரங்கள் இருக்கும் நிலையில் இந்தப் படுக்கையைக் காப்பாற்ற வழி உண்டா, அல்லது வாரிக் கொட்டுவதுதான் சரியா?

பதில் 1: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

வணக்கம். குதிரைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்காதீர்கள். தார்ப்பாயை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். காரணங்களைக் கீழே விளக்குகிறேன்.

கோழிக்கும் குதிரைக்கும் ஆழ்கூளம் என்ற ஒரே பெயர் வழங்கினாலும் உள்ளே நடப்பது வேறு வேறு. கோழி நாள் முழுவதும் கூளத்தைச் சீய்த்துக்கொண்டே இருப்பதால் காற்று உள்ளே போய்வருகிறது. சிறுநீர் என்று தனியாக ஒன்றும் அதற்கு இல்லை. குதிரை தன் முழு எடையையும் நான்கு குளம்புகளில் இறக்கிக் கூளத்தை மிதித்து இறுக்குகிறது; போதாக்குறைக்கு, பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்று சிறுநீர் கழிக்கிறது. 500 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்குச் சுமார் 9 லிட்டர் கழிக்கும். தங்கள் மட்டக்குதிரைக்கு அதில் பாதி என்று வைத்துக்கொண்டு, உள்ளே நிற்கும் பதினான்கு மணி நேரத்துக்கு மட்டும் கணக்கிட்டாலும், ஏழு வாரத்தில் ஓர் அறைக்குள் 125 லிட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். நீலகிரியின் மழைக்காலக் காற்றில் இது எளிதில் உலராது.

தாவர உண்ணிகளின் சிறுநீர் இயல்பாகவே காரத்தன்மை உடையது. அதிலுள்ள யூரியாவை லத்தியிலும் கூளத்திலும் வாழும் நுண்ணுயிரிகள் உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. மேல்பரப்பு உலர்ந்தும் மிதிபட்டு இறுகியும் இருக்கும்வரை அதில் பெரும்பகுதி கீழேயே அடங்கிக் கிடக்கும். தாங்கள் வாரந்தோறும் அடிவரை கிளறியதால், அடங்கிக் கிடந்ததை மேலே கொண்டுவந்ததோடு, உலர்ந்த சுருளையும் நனைந்ததோடு கலந்துவிட்டீர்கள். கறவை மாடுகளுக்கு மட்கும் படுக்கை அமைப்பவர்கள் நாளுக்கு இருமுறை உழுவது உண்மைதான். ஆனால் அவை நாற்புறமும் திறந்த பெரிய கொட்டகைகள். உழும் நேரத்தில் மாடுகளும் உள்ளே நிற்பதில்லை.

சுண்ணாம்பைப் பொறுத்தவரை, அது காரத்தன்மையை மேலும் கூட்டும். கூளத்தின் ஈரத்தில் அம்மோனியமாகக் கரைந்து கிடப்பது, காரம் கூடக் கூட வாயுவாக மாறி வெளியேறும். எனவே சுண்ணாம்பைத் தூவிக் கிளறினால் அன்றிரவு லாயத்தில் அம்மோனியா கூடத்தான் செய்யும். சில நாட்களுக்குப் பிறகு நாற்றம் குறைந்தாலும், அந்த நாட்களில் அதைச் சுவாசித்தது குதிரைதான். சுண்ணாம்புக்கு உரிய இடம் கூளத்தை முழுவதும் வாரிய பிறகான வெற்றுத் தளம். அங்கும் காய்ந்த பின் பெருக்கிவிட்டுத்தான் புதுக் கூளம் போட வேண்டும்.

தங்களுக்கு நிற்கும் உயரத்திலேயே கண் எரிகிறது என்றால் நிலைமை எல்லை மீறிவிட்டது. தொழிலிடங்களில் மனிதர்களுக்குப் பத்து மணி நேரம் வரையிலான வேலை நாளின் சராசரியாகக் காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு அம்மோனியா என்ற வரம்பை அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. குதிரை உள்ளே இருப்பதோ பதினான்கு மணி நேரம். நின்றபடியே அது தூங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த உறக்கத்தின் ஒரு பகுதி படுத்தால்தான் அதற்கு வாய்க்கும். அப்போது அதன் மூக்கு கூளத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கும். தரையில் போட்ட புல்லை மேயும்போதும் அப்படியே. ஆகவே லாயத்தில் நாற்றத்தைச் சோதிக்க விரும்புபவர், கதவைத் திறந்தவுடன் உள்ளே போய் மண்டியிட்டுக் குனிந்து முகர்ந்து பார்க்க வேண்டும். என் பணிக்காலத்தில் லாய உரிமையாளர்களிடம் இதைச் சொன்னால் வேட்டியில் அழுக்குப் படும் என்று தயங்குவார்கள்.

குளம்பில் தாங்கள் காண்பது, உள்ளங்குளம்பின் நடுவில் ஆப்பு வடிவத்தில் இருக்கும் மென்பகுதியில் வரும் அழுகல். காற்றுப் புகாத ஈரத்தில் வளரும் நுண்ணுயிரிகளால் உண்டாவது. தினமும் குளம்பைக் குடைந்து சுத்தம் செய்து, உலர்த்தி, போவிடோன் அயோடின் தடவுங்கள். லாடம் அடிப்பவரை வரவழைத்துத் தொங்கும் சதையைச் சீவச் சொல்லுங்கள். ரணஜன்னித் தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் பாருங்கள். படுக்கை ஈரமாகவே இருந்தால் எந்த மருந்தும் நிற்காது. பெண் குதிரையின் இருமலைப் பருவநிலையின் மேல் போட்டுவிடாமல், இந்த வாரமே ஒரு மருத்துவரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். அம்மோனியாவும் பூஞ்சை வித்துகளும் சேர்ந்து தூண்டும் மூச்சுக்குழல் அழற்சி, வயதான குதிரைகளில் நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடியது.

குளிரைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். நனையாமலும் நேரடிக் காற்று தாக்காமலும் இருந்தால் குதிரை குளிரை நன்றாகத் தாங்கும்; அடைபட்ட காற்றைத்தான் அதனால் தாங்க முடியாது.

பதில் 2: பொள்ளாச்சிக்காரன்

மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு சமவெளி அனுபவம் ஒன்றையும் சேர்க்கிறேன். உதகை நண்பருக்கு நேரடியாகப் பயன்படாவிட்டாலும், இதைப் படித்துவிட்டுக் கீழே யாரேனும் முயன்று பார்க்கக் கூடும்.

பொள்ளாச்சியில் இரண்டு முறை இந்த முறையை முயன்று இரண்டு முறையும் தோற்றேன். முதல் முறை வைக்கோல் போட்டேன். குதிரை படுக்கையையே தின்றது. ஒரு வாரத்தில் குடல் அடைத்து வயிற்றுவலி வந்து, இரவு முழுவதும் மருத்துவரோடு நிற்க நேர்ந்தது. இரண்டாம் முறை மரத்தூளும் நிலக்கடலைத் தோலும் கலந்து போட்டேன். நாற்றத்துக்கு முன்பே ஈ வந்துவிட்டது. வெப்பமான ஊரில் வீட்டு ஈயின் முட்டை சுமார் பத்து நாட்களுக்குள் பறக்கும் ஈயாகிவிடும். நனைந்த கூளமும் லத்தியும் கலந்த இடம் கடிக்கும் லாய ஈக்கும் மிகவும் பிடித்தமானது. கூளத்தை மாதக்கணக்கில் வைத்திருக்கும் முறையும் பத்து நாளில் ஒரு தலைமுறை எடுக்கும் ஈயும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு கோடைகள் தேவைப்பட்டன. பிறகு ஒரு நண்பர் வீட்டில் கடலைத்தோலில் பூஞ்சை பிடித்திருந்ததைப் பார்த்து அதையும் கைவிட்டேன்.

இப்போது தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்துகிறேன். எங்கள் பகுதியில் கயிற்று ஆலைகளுக்கு அருகில் அது மலையாகக் குவிந்து கிடக்கும். தன் எடையைப்போல ஐந்து மடங்குக்கும் மேலான நீரை அது உறிஞ்சும், குதிரையும் தின்பதில்லை. ஆனால் முழுக்க உலர்ந்திருந்தால் தூசி பறக்கும் என்பதால் இலேசாக நீர் தெளித்துப் பரப்ப வேண்டும். கடற்கரைப் பகுதிகளில் உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததா என்றும் விசாரித்து வாங்க வேண்டும். நனைந்த இடத்தை மட்டும் தினமும் தோண்டி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்குப் புதியதைப் போடுகிறேன். இதை ஆழ்கூளம் என்று சொல்ல முடியாது, வேலையும் குறைவில்லை. ஆனால் லாயத்தில் நாற்றம் இல்லை. நெல் உமியை யாரும் பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். அது நீரை உறிஞ்சுவதில்லை. நேராகத் தளத்துக்கு இறக்கிவிடும்.

பதில் 3: முன்னாள் லாயப் பணியாளர்

இந்த முறை பிறந்து வளர்ந்த குளிர்நாடு ஒன்றில் அதைக் கையால் செய்தவன் என்ற முறையில் சில குறிப்புகள். இங்கிலாந்தில் முதலில் நியூமார்க்கெட்டில் ஒரு பந்தய லாயத்திலும், பிறகு ஓய்வுபெற்ற குதிரைகளைப் பராமரிக்கும் ஒரு சிறு பண்ணையிலும் வேலை பார்த்தேன். பந்தய லாயத்தில் ஆழ்கூளத்துக்கு இடமே இல்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் நனைந்தது முழுவதையும் வாரிவிடுவோம். சிறு பண்ணையில்தான் அக்டோபரில் கோதுமை வைக்கோலை ஓர் அடிக்குக் குறையாமல் பரப்பி, ஏப்ரலில் இழுவை இயந்திரத்தைக் கொண்டுவந்து மொத்தமாக அள்ளுவார்கள். அதற்குள் படுக்கை முழங்கால் உயரத்தைத் தாண்டியிருக்கும். அங்கே கதவுகள் அகலமானவை, கூரையும் உயரமானது. சாதாரண அறைக் கதவு வழியாக முள்வாரியும் தள்ளுவண்டியுமாக ஆறு மாதப் படுக்கையை அள்ளிப் பார்த்தவர்கள் மறுமுறை அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

ஆழ்கூளம் வேலையைக் குறைக்கும் முறை என்று நம்பித்தான் பலரும் தொடங்குகிறார்கள். அது வேலையின் தன்மையை மாற்றுகிறது, அவ்வளவுதான். லத்தியைக் காலையில் ஒருமுறை எடுத்தால் போதாது. குதிரை அதை மிதித்துச் சிதறடிப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். காலை, நண்பகல், மாலை, இரவு என்று நான்கு முறை கூடையோடு போவோம். முள்வாரியால் எடுத்தால் கீழே கீறிவிடும் என்று ரப்பர் கையுறை போட்டுக் கையாலேயே எடுக்கச் சொல்வார்கள். முள்வாரியின் பல் மேலே உள்ள உலர்ந்த அடுக்கைத் தாண்டிக் கீழே இறங்கினால் எங்கள் மேற்பார்வையாளருக்குக் கோபம் வந்துவிடும். குதிரை படுத்து எழுந்தபின் அதன் விலாவில் ஈரம் தெரிந்தால் மேலடுக்கு போதவில்லை என்று பொருள்; உடனே கூடுதல் வைக்கோல் வரும். கூளச் செலவு மிச்சமாகும் என்ற நம்பிக்கையும் இப்படித்தான் கரைந்துபோகும்.

எல்லாக் குதிரைக்கும் இது ஒத்துவராது. அமைதியாக ஓரிடத்தில் நிற்கும் குதிரைக்குப் பொருந்தும். இரவெல்லாம் அறையைச் சுற்றிச்சுற்றி நடக்கும் குதிரை ஒரே வாரத்தில் மேலடுக்கையும் கீழடுக்கையும் கலக்கிவிடும். குட்டி ஈனும் அறையில் எக்காரணம் கொண்டும் கூடாது. குட்டிகளைத் தாக்கும் உருண்டைப்புழுவின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடப்பவை.

மருத்துவர் ஐயாவோடு ஒரு சிறிய மாறுபாடு. படுக்கையை வாரிய பிறகு தளத்தைக் கழுவிச் சுண்ணாம்பு பூசலாம் என்று யாரும் பொருள்கொண்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். உதகையின் ஆகஸ்ட் மாதத்தில் கருங்கல் தளத்தைக் கழுவினால் அது காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். சுரண்டி, பெருக்கி, கதவுகளைத் திறந்து போட்டு, இரண்டு மூன்று நாட்கள் வெறுமனே விடுங்கள். ஒவ்வோர் அறையாக இதைச் செய்தால் குதிரைகளை மாற்றிக் கட்ட இடம் இருக்கும். வாரும்போது குதிரைகள் மூன்றும் லாயத்துக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில் நிற்க வேண்டும். வாருபவர் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு கேள்வி. தளத்தின் சரிவு எந்தப் பக்கம் இருக்கிறது, நீர் வெளியேறும் வழி எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? பழைய லாயங்களைக் கட்டியவர்கள் இதை யோசிக்காமல் கல் பாவியிருக்க மாட்டார்கள்.

உதகைவாசி மீண்டும்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அன்று மாலையே தார்ப்பாயை அவிழ்த்தோம். மறுநாள் விடியற்காலையில் மருத்துவர் ஐயா சொன்னபடி மண்டியிட்டு முகர்ந்து பார்த்தேன். இரண்டு மூச்சுக்கு மேல் இருக்க முடியவில்லை. பெண் குதிரை ஏழு வாரமாக அங்கேதான் தலைவைத்துப் படுத்திருந்தது என்ற எண்ணம் வந்த பிறகு வேறு யோசனைக்கு இடமில்லை. நாளுக்கு ஓர் அறையாக மூன்று நாட்களில் எல்லாவற்றையும் வாரிவிட்டோம்.

கடைசிப் பதிலில் கேட்ட கேள்விக்கு விடை அடியில்தான் இருந்தது. மூன்று அறைகளின் தளமும் பின்சுவரை நோக்கிச் சரிந்திருக்கிறது. சுவரின் அடியில் கையகலக் கற்கால்வாய் ஒன்று மூன்று அறைகளையும் கடந்து வெளியே போகிறது. நான் முதல் நாளே இழைப்புச் சுருளை அதன்மேல் கொட்டி நிரப்பியிருக்கிறேன். கால்வாய் முழுவதும் கறுத்த களியாக அடைத்திருந்தது. பின்சுவர் ஓரத்தில் நான்கு விரல் ஆழத்துக்கு நீர் தேங்கி நின்றது. கால்வாய் இருப்பது குதிரைக்காரருக்கு முன்பே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கள் கோழி வளர்த்த கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், ஐயா” என்றார்.

கால்வாயைத் தூர்வாரி, அதன் மேல் துளையிட்ட பலகை போட்டிருக்கிறோம். இப்போது இழைப்புச் சுருளையே அரை அடிக்குப் பரப்பி, பொள்ளாச்சி நண்பர் சொன்னபடி நனைந்த இடத்தைத் தினமும் எடுத்துவிடுகிறோம். லத்தியை மூன்று முறை எடுக்கிறோம். நான்காவது முறை இரவு ஒன்பது மணிக்கு நானே போகிறேன். பெண் குதிரையை மருத்துவர் வந்து பார்த்தார். புல்லை நனைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், இருமல் குறைந்திருக்கிறது. மட்டக்குதிரையின் குளம்பில் நாற்றம் போய்விட்டது, ஆனால் பிளவு இன்னும் முழுவதும் ஆறவில்லை. இந்த ஆண்டு ஆழ்கூளம் வேண்டாம். டிசம்பர் இறுதியில் உறைபனிக் காலம் வரும்போது, காற்று உலர்ந்திருக்கும் என்பதால், பெண் குதிரையின் அறையில் மட்டும் கால்வாயை மூடாமல் ஒருமுறை முயலலாமா என்று எண்ணியிருக்கிறேன்.

இன்னொன்று. வாரிய கூளம் மூன்று வண்டிக்கு மேல் குவிந்து கிடக்கிறது. கேரட் பாத்திகளுக்கு அதை அப்படியே போடலாமா?

பதில் 2: பொள்ளாச்சிக்காரன்

அப்படியே போடாதீர்கள். மட்காத மரச்சுருள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தன் மட்கலுக்கு இழுத்துக்கொள்வதால் பயிர் மஞ்சளித்துவிடும். கேரட்டுக்குப் பச்சைச் சாணம் ஆகாது, கிழங்கு கிளைவிடும். மழை படாத இடத்தில் ஆள் மார்பளவு உயரத்துக்குக் குவித்து, மாட்டுச்சாணக் கரைசலைத் தெளித்து, மாதம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். கிளற வேண்டும் என்ற தங்கள் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம். மரச்சுருள் மெதுவாக மட்கும். உங்கள் ஊர்க் குளிரில் ஓர் ஆண்டாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குவியல் லாயத்திலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி இருக்கட்டும்.

பதில் 1: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

டிசம்பர் முயற்சியை இருமல் முழுவதுமாக நின்று ஒரு மாதம் ஆன பிறகு மட்டும் தொடங்குங்கள். மண்டியிட்டு முகர்வதை அப்போதும் விட்டுவிடாதீர்கள்.